ஆணியில் தொங்கும் தங்கவயல் தொப்பிகள்

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்பது பழமொழி. மற்ற ஊர்களில் இதைப் பேச்சுக்குச் சொல்வார்கள். கோலார் தங்கவயலில் அப்படிச் சொல்ல முடியாது. பூமிக்கு அடியில் மேல்பாறையில் இருந்து ஒரு கல் பெயர்ந்து விழுந்தால், போகப்போவது தலையா தொப்பியா என்பது அந்த நிமிடத்துக் கேள்வி!

மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்சிலும் உரிகத்திலும் உள்ள பழைய லைன் வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். சுவரில் சாமி படம் இருக்கும். பக்கத்தில் காலமான பெரியவரின் படம், மாலை போட்டு. சில வீடுகளில் அதற்கும் பக்கத்தில் ஓர் ஆணியில் பழைய சுரங்க ஹெல்மெட் தொங்கும். ஓரம் நசுங்கி இருக்கும். உள்ளே வார் இற்றுப்போயிருக்கும். முன்பக்கம் விளக்கு மாட்டுகிற கொக்கி மட்டும் துருப்பிடிக்காமல் இருக்கும்.

அந்த வீட்டுக்காரரிடம் "தொப்பி சேகரிக்கிறீர்களா?" என்று கேட்டால் சிரிப்பார். ஆனால் உலகத்தில் அப்படிச் சேகரிக்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

தொப்பிப் பிரியர்கள்

தபால் தலை சேர்ப்பது போல, நாணயம் சேர்ப்பது போல, தொப்பி சேர்ப்பதும் ஒரு பொழுதுபோக்கு. உச்சியில் ஈட்டி முனை வைத்த ஜெர்மன் தோல் ஹெல்மெட், முதல் உலகப்போரில் பிரெஞ்சு, பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு 1915-ல் வந்த இரும்புத் தொப்பி, ரோமாபுரி வீரன் அணிந்ததைப் போல இப்போது புதிதாகத் தகடு அடித்துச் செய்த கவசத் தொப்பி என்று தேடித் தேடி வாங்குகிறார்கள். வாங்கியதை அலமாரியில் பூட்டி வைப்பவர்கள் உண்டு. விழா நாட்களில் அணிந்துகொண்டு ஊர்வலம் போகிறவர்களும் உண்டு.

இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் என்ற ஊரில் தொப்பிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அது ஒரு காலத்தில் தொப்பித் தொழிலாலேயே பிழைத்த ஊர். அந்தத் தொழிலில் ஒரு கொடுமை இருந்தது. முயல் ரோமத்தை அழுத்தித் தொப்பித் துணி ஆக்குவதற்கு, ரோமத்தைப் பாதரச உப்புக் கரைசலில் பதப்படுத்துவார்கள். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிக்குக் கை நடுங்கும், பேச்சு குழறும், புத்தி தடுமாறும். அமெரிக்காவில் 1941-ல்தான் இந்த முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். பாதரசம் நம் ஊருக்கும் புதிதல்ல. மில்லில் கல்லை மாவாக இடித்து, அதிலிருந்து தங்கத்தைப் பிடித்து எடுக்கவும் அதே பாதரசம்தான் பயன்பட்டது. சீமான் தலையில் தொப்பியும் சீமாட்டி கழுத்தில் தங்கமும் ஏறுவதற்கு முன்னால், தொழிலாளியின் மூச்சுக்குள் பாதரசம் ஏறியிருக்கிறது.

இந்த ஆசை நம்மிடமும் இல்லாமல் இல்லை. பெங்களூர் ரோட்டில் புல்லட் வண்டியில் போகும் இளைஞர்கள் சிலர் தலையில் பழைய ஜெர்மன் ராணுவ ஹெல்மெட் போன்ற ஒன்றைக் கவிழ்த்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பார்வைக்கு எடுப்பாக இருக்கிறது. ஆனால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வண்டி ஹெல்மெட்டைச் செய்வதும் விற்பதும் 2021 ஜூன் 1 முதல் குற்றம். வேடிக்கைக்கு அணியும் தொப்பி வேறு, ரோட்டில் விழும்போது காப்பாற்றும் தொப்பி வேறு. தங்கவயல்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தொப்பியால் மூண்ட கலகம்

பழைய தமிழில் வெள்ளைக்காரனைத் "தொப்பிக்காரன்" என்றே சொல்வதுண்டு. தலைப்பாகை நம்முடையது, தொப்பி அவனுடையது. ஏமாற்றுவதற்குக்கூடக் "குல்லா போடுவது" என்று பெயர் வைத்திருக்கிறோம்! தலையில் என்ன இருக்கிறது என்பதை வைத்தே ஆளை எடைபோட்ட நாடு இது. அந்த நாட்டில் தலையில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதை வெள்ளைக்காரன் 1806-ல் தெரிந்துகொண்டான். இடம், வேலூர்.

நம் ஊர் வாசகர்களில் பலருக்கு வேலூர் தாத்தா, பாட்டி பிறந்த சீமை. மாரிக்குப்பத்தில் ரெயில் ஏறி, பங்காருப்பேட்டையில் மாறினால், ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடி. இறங்கிப் பஸ் பிடித்தால் கோட்டை வாசல். அந்தக் கோட்டைக்குள்தான் தொப்பிக்காக ரத்தம் சிந்தியது.

சென்னை ராணுவத்தின் தளபதி சர் ஜான் கிராடக், இந்திய சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகை ஒன்றை ஏற்பாடு செய்தார். பெயர்தான் தலைப்பாகை. பார்வைக்கு அது வட்டத் தொப்பி. அதில் தோலால் ஆன சின்னம் வேறு. நெற்றியில் நாமம், விபூதி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்றும் உத்தரவுகள் வந்தன. தோல் என்றதும் இந்து சிப்பாய் பசுவை நினைத்தான், முஸ்லிம் சிப்பாய் பன்றியை நினைத்தான். இதை மாட்டிக்கொண்டு ஊருக்குப் போனால், பரங்கியாகிவிட்டான் என்று சொந்தக்காரன் தண்ணீர்கூடத் தரமாட்டானே என்ற பயம் இரண்டு பேருக்கும் இருந்தது.

1806 மே மாதத்தில் வேலூரில் இருந்த ஒரு பட்டாளம் அந்தத் தொப்பியை அணிய மறுத்தது. மறுத்தவர்கள் மீது ராணுவ விசாரணை நடந்தது. ஓர் இந்து, ஒரு முஸ்லிம் ஆக இரண்டு சிப்பாய்களுக்குத் தலைக்கு 900 கசையடி! மேலும் 19 பேருக்கு 500 அடி என்று தீர்ப்பாகி, அவர்கள் மன்னிப்புக் கேட்டதால் நிறுத்தப்பட்டது. தொப்பி போடமாட்டேன் என்று சொன்னதற்கு 900 அடி என்றால், அது தொப்பியைப் பற்றிய விவகாரமாக மட்டும் இருக்க முடியுமா?

ஜூலை 10-ந்தேதி, பொழுது விடிவதற்கு முன் கோட்டைக்குள் கலகம் வெடித்தது. அதே கோட்டையில்தான் திப்பு சுல்தானின் பிள்ளைகள் காவலில் வைக்கப்பட்டிருந்தார்கள். கோட்டையில் மைசூர் கொடி ஏறியது. நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளைக்கார சிப்பாய்களும் அதிகாரிகளும் செத்தார்கள். ஆற்காட்டில் இருந்து கில்லெஸ்பி என்ற அதிகாரி குதிரைப்படையோடு காலையிலேயே வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான இந்திய சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். ஒரே நாளில் எல்லாம் முடிந்தது. ஆனால் தொப்பி உத்தரவு ரத்தாயிற்று. கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் தளபதி கிராடக்கும் லண்டனுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். 1857-ல் வடக்கே நடந்ததற்கு 51 ஆண்டுகள் முந்தியது இது. இருநூறாவது ஆண்டான 2006-ல் மத்திய அரசு இதற்குத் தபால் தலை வெளியிட்டது. நினைவுத் தூண் வேலூரில் இருக்கிறது. காட்பாடி வழியாகப் போகிறவர்கள் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

சிப்பாய்க்கு இப்படி என்றால், அந்தச் சீமையின் சேரிகளில் இருந்தவனுக்கு வேறு கதை. அவன் தலையில் தொப்பி வை என்று யாரும் உத்தரவு போடவில்லை. தலையில் எதுவும் வைக்காதே என்பதுதான் அவனுக்கு உத்தரவு! ஆண்டை எதிரே வந்தால் முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்க வேண்டும், அல்லது இடுப்பில் கட்ட வேண்டும். தோளில் துண்டு கிடந்தாலே குற்றம். வட ஆற்காட்டில் இருந்தும் சித்தூர்ப் பக்கத்தில் இருந்தும் தங்கவயலுக்கு மூட்டை கட்டியவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட தலைகளுக்குச் சொந்தக்காரர்கள். இந்த விஷயத்தை மறந்துவிட்டுத் தங்கவயல் தொப்பிகளைப் பற்றிப் பேசினால் பாதிதான் பேசியதாகும்.

துரையின் நெட்டித் தொப்பி

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்தது. கொஞ்ச காலத்திலேயே தங்கவயல் ஒரு குட்டி இங்கிலாந்து ஆயிற்று. துரைகளுக்கு பங்களா, கிளப், சர்ச். வெளியே கிளம்பினால் தலையில் வெள்ளைத் தொப்பி.

சோலா தொப்பி என்று அதற்குப் பெயர். சோழ ராஜாவுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது! சூரியனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அல்ல. சோலா என்பது ஒரு நீர்ச்செடியின் வடநாட்டுப் பெயர். நம் பாஷையில் நெட்டி. தஞ்சாவூரில் பெரிய கோவிலையும் தேரையும் வெள்ளை வெளேரென்று சின்னதாகச் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்பார்களே, அதே நெட்டிதான். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குளத்திலும் சதுப்பிலும் வளரும் இந்தச் செடியின் தண்டுக்குள் இருக்கும் சோறு பஞ்சைவிட லேசானது. அதைச் சீவி, அச்சின் மேல் அடுக்கடுக்காக ஒட்டி, வெள்ளைத் துணியோ காக்கித் துணியோ போர்த்தினால் தொப்பி தயார். காற்றுப் போக உச்சியில் ஒரு குமிழ். கண் கூசாமல் இருக்க உள்ளே பச்சைத் துணி.

நம் நாட்டு வெயிலில் ஏதோ ஒரு விஷக்கதிர் இருக்கிறது, அது வெள்ளைத் தோலையும் மண்டையையும் துளைத்துவிடும் என்று அக்காலத்து ஆங்கில டாக்டர்கள் நம்பினார்கள். குழந்தைகளைக்கூடத் தொப்பி இல்லாமல் வாசலுக்கு விடமாட்டார்கள். அதே வெயிலில் நம் பெண்கள் தலையில் சும்மாடு வைத்துக் கூடை சுமந்தார்கள். அவர்கள் மண்டைக்கு எந்த டாக்டரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இரண்டாம் உலகப்போரில் பட்டாளத்தார் சாதாரணத் தொப்பியோடு வெயிலில் சண்டை போட்டுவிட்டுச் சௌக்கியமாகத் திரும்பியதும் அந்த நம்பிக்கை கலைந்தது. தொப்பியும் மறைந்தது.

மறைவதற்கு முன் அது இந்தியர் தலைக்கும் ஏறிவிட்டது. உத்தியோகஸ்தர்கள், டாக்டர்கள், ஸ்டேஷன் மாஸ்டர்கள் அணிந்தார்கள். பழைய போட்டோக்களைப் பாருங்கள். கோட்டு போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் தலையிலோ, முழங்காலிலோ இந்தத் தொப்பி இருக்கும். தலையை நிமிர்த்தி உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது என்பது அந்தத் தலைமுறைக்குச் சின்ன விஷயம் அல்ல. இன்று அதைப் பார்த்துக் கேலி செய்வது சுலபம்.

மெழுகுவத்தி வைத்த தொப்பி

துரைகளின் வெள்ளைத் தொப்பி எல்லாம் தரைக்கு மேலேதான். கீழே இறங்கினால் வேறு தொப்பி.

ஆரம்ப காலத்தில் சுரங்க வேலையில் பழுத்தவர்கள் என்று இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் இருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் ஊரில் தகரச் சுரங்கமும் செம்புச் சுரங்கமும் நொடித்துப்போயின. பிழைப்புக்காக உலகம் முழுவதும் சிதறினார்கள். ஒருவகையில் நம்மைப் போல்தான். கார்ன்வால் சுரங்கத் தொழிலாளியின் தொப்பி, ரோமத்துணியில் பிசின் ஏற்றிக் கட்டை போல இறுக்கியது. அதன் நெற்றியில் ஓர் உருண்டைக் களிமண்ணை அப்பி, அதில் மெழுகுவத்தியைச் செருகிக்கொள்வார்கள். விளக்கும் அதுவே, கடிகாரமும் அதுவே. எத்தனை வத்தி எரிந்தது என்று பார்த்து நேரத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

நம்மவர்களுக்கு என்ன தொப்பி? துண்டுதான். துண்டை முண்டாசாகச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். வியர்வையைத் துடைக்கவும் அதுவே, அடிபட்டால் கட்டுப்போடவும் அதுவே. சின்னக் கல் விழுந்தால் முண்டாசு கொஞ்சம் தாங்கும். கொஞ்சம்தான்.

மெழுகுவத்திக்குப் பிறகு கார்பைடு விளக்கு வந்தது. தொப்பியில் மாட்டும் கார்பைடு விளக்குக்கு அமெரிக்காவில் 1900-ல் காப்புரிமை பெற்றார்கள். கீழ்க் கிண்ணத்தில் கார்பைடு கல், மேல் கிண்ணத்தில் தண்ணீர். தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ, வாயு கிளம்பி, ஓட்டை வழியாக வந்து எரியும். பின்னால் பளபளப்பான தகடு இருப்பதால் வெளிச்சம் முன்னே பாயும். பூண்டு வாடை அடிக்கும். மாம்பழம் பழுக்கவைக்கத் தடை செய்திருக்கிறார்களே, அதே கார்பைடுதான். தண்ணீர் தீர்ந்தால் விளக்கு அவியும். இருட்டு என்றால் என்ன என்று சுரங்கத்துக்குள் விளக்கு அவிந்தவரைக் கேட்க வேண்டும். கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றே.

அதற்கும் பிறகு வந்தது மின்சார விளக்கு. இடுப்புப் பட்டையில் பாட்டரி, முதுகு வழியாக ஒயர், நெற்றியில் விளக்கு. ஷிப்டு முடிந்ததும் லாம்ப் ரூமில் திருப்பித் தர வேண்டும். விளக்கு திரும்பவில்லை என்றால் ஆள் இன்னும் மேலே வரவில்லை என்று அர்த்தம்.

இப்போது எல்லாரும் அணிகிற இறுகிய ஹெல்மெட்டுக்கும் தங்கச் சுரங்கத்துக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவில் புல்லார்டு என்ற கம்பெனி தங்கம், செம்புச் சுரங்கங்களுக்குச் சாமான்கள் விற்றுவந்தது. முதலாளியின் மகன் முதல் உலகப்போரில் இரும்புத் தொப்பி அணிந்து திரும்பியவர். சிப்பாய்க்கு ஒரு தொப்பி என்றால் தொழிலாளிக்கு ஏன் கூடாது என்று யோசித்தார். கித்தான் துணியைப் பசையில் தோய்த்து, ஆவியில் வேகவைத்து, கறுப்புச் சாயம் பூசி 1919-ல் ஒரு தொப்பி செய்தார். ஆவியில் வேகவைத்ததால் "நன்றாக வெந்த தொப்பி" என்ற பொருளில் பெயரும் வைத்தார்கள். 1933-ல் அதே ஊரில் கோல்டன் கேட் பாலம் கட்டத் தொடங்கியபோது, வேலை செய்யும் ஒவ்வொருவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்று கட்டாயம் ஆக்கினார்கள். பின்னர் அலுமினியம் வந்தது, கண்ணாடி நார் வந்தது, பிளாஸ்டிக் வந்தது. நம் நாட்டில் 1952-ம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும் தொழிலாளியின் தலைக்கு நிர்வாகத்தைப் பொறுப்பாக்கின.

ஹெல்மெட் எப்படிக் காப்பாற்றுகிறது என்பது பலருக்குத் தெரியாது. மேல் ஓடு கல்லைத் தடுக்கும். ஆனால் அடியை வாங்கிக்கொள்வது உள்ளே இருக்கும் வார்கள். ஓட்டுக்கும் மண்டைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கும். விழுந்த வேகம் அந்த இடைவெளியில் தணிந்துபோகும். அங்கே பீடிக்கட்டும் தீப்பெட்டியும் செருகி வைத்தால் அந்த இடைவெளி போயிற்று!

இதையும் சொல்லியாக வேண்டும். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் 3 கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழம். அங்கே பாறையே அனலாகக் கொதிக்கும். நம் ஊரில் "ஏர் பிளாஸ்ட்" என்று சொல்லும் பாறை வெடிப்பு வந்தால், டன் கணக்கில் கல் சரியும். அதற்கு எந்த ஹெல்மெட்டும் ஈடு அல்ல. ஹெல்மெட்டோடு போய், ஹெல்மெட் மட்டும் வீட்டுக்கு வந்த கதைகள் இங்கே உண்டு.

அவிழ்க்கச் சொல்லாத தலை

எங்கள் தாத்தா குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் இருந்து வந்தவர். ஊரில் முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துப் பழகிய தலைமுறை. எங்கள் அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர். அவருக்குத் தலையில் ஹெல்மெட் இல்லாவிட்டால் கூண்டில் ஏற விடமாட்டார்கள். ஒரு தலைமுறைக்குத் தலையை மூடினால் குற்றம், அடுத்த தலைமுறைக்குத் தலையை மூடாவிட்டால் குற்றம்! இந்த வித்தியாசத்தைப் பற்றி அப்பா அதிகம் பேசியது கிடையாது. ஆனால் ஹெல்மெட்டைத் தரையில் வைக்கமாட்டார். யாரும் அதைக் கவிழ்த்து வைத்து அதில் எதையாவது போட்டால் கோபம் வரும்.

கம்பெனி நல்லெண்ணத்தில் கொடுத்த மரியாதை என்று இதைச் சொல்லவில்லை. மரியாதையைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. 1930-ல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிய வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது, நாங்கள் என்ன கைதிகளா என்று ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். ஷிப்டு முடிந்து வருகிறவனை நிறுத்தி உடம்பைத் தடவிச் சோதனை போடுவதும் வழக்கமாக இருந்தது. ஆனாலும் ஆண்டையைக் கண்டதும் தலையில் இருப்பதை எடு என்று சொல்ல சுரங்கத்துக்குள் யாரும் இல்லை. மேலே துரைக்கு நெட்டித் தொப்பி, தொழிலாளிக்கு முண்டாசு என்று பேதம் இருந்தது. ஹெல்மெட் காலத்தில், கீழே இறங்கிய எஞ்சினீயர் தலையிலும் தொழிலாளி தலையிலும் விழும் கல் ஒன்றுதான்.

கிலோ கணக்கில் போன சரித்திரம்

2001 பிப்ரவரி 28-ந்தேதி பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. 120 ஆண்டு வேலை ஒரே நாளில் நின்றது. அதன் பிறகு வீட்டுச் செலவுக்கு வழி தேடியவர்கள் முதலில் கண்ணில் பட்ட இரும்பையும் பித்தளையையும் எடைக்குப் போட்டார்கள். பித்தளைக் கார்பைடு விளக்கும் அலுமினியத் தொப்பியும் காயலான் கடைத் தராசில் ஏறின. குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அடுப்பு எரிய வேண்டும் அல்லவா?

ஆனால் நிலைமை மாறிவிட்டது. 2018-லும் 2022-லும் தங்கவயலின் பெயரில் வந்த கன்னடப் படங்கள் நாடு முழுவதும் ஓடின. படத்தில் வரும் சுரங்கமும் அதன் கதையும் கற்பனை. ஆனாலும் சயனைடு மலையைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். உலகத்தில் பழைய சுரங்க விளக்குகளுக்கும் தொப்பிகளுக்கும் தனியாகச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். நாம் கிலோ கணக்கில் போட்டதை அவர்கள் ஒவ்வொன்றாக விலை பேசுகிறார்கள்.

விற்க வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம். ஹெல்மெட்டின் உள்பக்கத்தில் அணிந்தவர் பெயர், எந்தச் சுரங்கம், எந்த ஷாப்டு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள். பெயர் இல்லாத தொப்பியைக் கண்ணாடி அலமாரியில் வைத்தாலும் அது பழைய சாமான்தான். பெயர் இருந்தால் அது ஒரு மனிதர்.

வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சில யோசனை. அலுமினியத் தொப்பியைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். அடிபட்ட பள்ளமும் கீறலும்தான் அதன் சரித்திரம். ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும். கார்பைடு விளக்கின் கிண்ணத்தில் பழைய கல் ஒட்டியிருந்தால் தண்ணீர் படாமல் சுரண்டி எடுத்து, திறந்தவெளியில் அப்புறப்படுத்த வேண்டும். நெருப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. வீட்டில் யாருக்காவது நெட்டித் தொப்பி கிடைத்திருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் அதற்கு ஈரமும் பூச்சியும் எமன். நனைந்தால் ஊறிப்போய் உருக்குலையும். பெட்டியில் காகிதத்தைச் சுருட்டி உள்ளே வைத்து, வேப்பிலையோ அந்துருண்டையோ போட்டு வைக்கலாம். ஆணியில் தொங்கவிட்டால் அந்த இடம் அமுங்கிக் கிழியும்.

நம் கண் முன்னே விடைபெறும் தொப்பிகளும் உண்டு. கர்நாடகப் போலீஸ்காரர் என்றால் ஒரு பக்கம் மடித்த அகலத் தொப்பிதான் ஞாபகத்துக்கு வரும். எத்தனையோ ஆண்டுகளாக அதைப் பார்த்துப் பழகிவிட்டோம். மழையில் நனைந்தால் கனக்கும், கலவரத்தில் ஓடினால் கழன்று விழும் என்று கான்ஸ்டபிள்கள் நெடுநாளாகக் குறைப்பட்டார்கள். 2025 அக்டோபரில் அதற்கு முடிவு வந்தது. முதல்-மந்திரி சித்தராமையா நீல நிறப் புதிய தொப்பியை அறிமுகம் செய்தார். போலீஸ்காரர்களுக்குச் சௌகரியம், நல்லதுதான். பழைய தொப்பிகளில் நான்கைந்தையாவது யாராவது எடுத்து வைத்திருப்பார்கள் என்று நம்புவோம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் போய் எத்தனையோ காலம் ஆகியும் போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி இருக்கிறது. அதைப் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுக்கிறார்கள். எம்.ஜி.ஆர். மறைந்து 1987 முதல் கணக்கிட்டால் எவ்வளவு காலம் ஆகிறது! வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து ஒருவர் மேடை ஏறினால், இன்றும் கூட்டம் கைதட்டுகிறது. ஒரு தொப்பிக்கு அவ்வளவு ஆயுள்.

தங்கவயலில் இருந்து காலை ரெயிலில் பெங்களூர் போகும் கூட்டத்தைத் தினமும் பார்க்கிறேன். சுரங்கத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகள். ஆபீசுக்குப் போகிறவர்கள் பாதி, கட்டட வேலைக்கும் தொழிற்சாலைக்கும் போகிறவர்கள் பாதி. பைக்குள் சாப்பாட்டு டப்பா, பையின் வாரில் கட்டிய மஞ்சள் ஹெல்மெட். தாத்தாவின் தொப்பி வீட்டு ஆணியில், பேரனின் தொப்பி ரெயில் கம்பியில்!

அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு தகவல். பிளாஸ்டிக் ஹெல்மெட் வெயிலில் கிடந்து கிடந்து உள்ளுக்குள் இற்றுப்போகும், வெளியே தெரியாது. நிறம் வெளுத்திருந்தாலோ, விரலால் அழுத்தும்போது கீறல் விட்டாலோ, ஒருமுறை பலமாக அடி வாங்கியிருந்தாலோ மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். தொழிற்சாலை ஹெல்மெட்டுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 2925. அந்த எண் ஓட்டின் மேல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கவிழ்த்துப் பார்த்தால், பல ஹெல்மெட்டுகளில் உள்பக்கம் ஒரு சின்ன வட்டம் அச்சாகியிருக்கும். வட்டத்தைச் சுற்றி மாதங்கள், நடுவே ஆண்டு, ஓர் அம்புக்குறி. அது தயாரித்த மாதமும் ஆண்டும். இன்றைக்கு வேலைக்குக் கிளம்பும் முன் அதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.